சவரிமுத்துவைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

போன கிழமை வெள்ளவத்தையில், காலி வீதிச் சப்பாத்துக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மகளின் உத்தரவு. "அந்தப் பழசைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்கு வராதேங்கோ அப்பா" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கடையில் நின்ற பெண்பிள்ளை குனிந்து, என் பெருவிரல் இருக்கும் இடத்தை அமத்திப் பார்த்துவிட்டு, "கடிக்குதா ஐயா?" என்று கேட்டாள். புதுத் தோலின் மணம் ஒரு பக்கம், அந்தக் கேள்வி ஒரு பக்கம். இதே கேள்வியை நாற்பது வருடத்துக்கு முன் நான் ஒருவனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன், கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போக இன்னும் ஒன்றிரண்டு வருடம் கிடந்த காலம். நான் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் கிளார்க். வெள்ளவத்தையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சமறி வைத்திருந்தோம். கலியாணமாகாத கந்தோர்க்காரர் கூட்டாக வாடகைக்கு எடுத்துச் சமையலுக்கும் ஆள் வைத்திருக்கும் வீட்டுக்கு அப்போது அதுதான் பெயர். அந்த வீட்டில் என் கட்டிலுக்குக் கீழே ஓர் உதைபந்து கிடக்கும். இந்தக் காலத்துப் பந்து மாதிரி இல்லை. தடித்த மாட்டுத்தோல், உள்ளே ரப்பர் பிளடர், வாய்ப்பக்கம் சப்பாத்துக்குப் போல வார் கட்டு. தோல் காயாமல் இருக்க ஆட்டுக்கொழுப்புப் பூசவேண்டும். பூசினால் ஊரில் உள்ள பூனையெல்லாம் என் கட்டிலடிக்கு வந்துவிடும். "உன்னையும் பந்தையும் சேர்த்து வெளியில போடவேணும்" என்று மற்ற நாலு பேரும் ஏசாத நாள் இல்லை.

நான் உதைபந்தாட்டக்காரன் என்று நினைத்துவிடாதேங்கோ. நான் உதைத்தால் பந்து நின்ற இடத்தில் நிற்கும், சப்பாத்துத்தான் பறக்கும். என் கையெழுத்து அழகு என்பதற்காக எங்கள் துரை என்னைக் கம்பனி அணிக்குச் செயலாளர் ஆக்கினார். ஆடத் தெரியாதவனிடம் ஆடுகிறவர்களைப் பற்றி எழுதச் சொல்வது உலகத்தில் புதிய விஷயமில்லையே.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் புதியவர்களைச் சேர்த்துப் பார்ப்போம். போட்டிகள் தொடங்க முன்னம் ஒரு மாதம், நாலு கிழமை, பயிற்சி. கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வெளி இருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ஆட்டம். புதியவர் ஒவ்வொருவருக்கும் என் கொப்பியில் ஒரு பக்கம். வேகம், பந்துக் கட்டுப்பாடு, கூட்டாக ஆடுவது, துணிவு என்று நாலு தலைப்பு, துரை தந்தது. நாலாம் கிழமை முடிவில் அறிக்கை அவர் மேசைக்குப் போகவேண்டும். அணியில் இடம் கிடைத்தவனுக்குக் கம்பனிக் களஞ்சியத்தில் நிரந்தர வேலை. அதனால்தான் அந்த வெளிக்கு அத்தனை பேர் வந்தார்கள்.

எங்கள் கப்டன் சல்தீன், கொம்பனித்தெரு மலாய்க்காரர். நாற்பது வயது, முழங்கால் இரண்டும் பழுது, ஆனாலும் பந்து அவர் சொன்ன இடத்துக்குப் போகும். அவரிடம் கொப்பி கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பந்து இருக்கும் பக்கம் பார்க்கவே மாட்டார். பந்தைப் பறிகொடுத்தவன் அடுத்து என்ன செய்கிறான் என்றுதான் பார்ப்பார். முதல் நாளே நான் பேனையைத் திறந்ததைக் கண்டு வந்து சொன்னார்: "மிஸ்டர், முதல் கிழமை ஒண்டும் எழுதாதீங்க. முதல் கிழமை ஆடுறது கால் இல்ல, பயம். முதல் கிழமை விட்ட பிழைய நாலாம் கிழமையும் விடுறானா, அத மட்டும் பாருங்க." நான் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். எழுத்துத்தானே என் உத்தியோகம்.

அந்த வருடம் வந்த எட்டுப் பேரில் கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர். இருந்தது ஒரே இடம். ஒருவன் குலம், வெள்ளவத்தைப் பொடியன், கல்லூரி அணியில் ஆடிப் பழகியவன். மற்றவன் சவரிமுத்து. மட்டக்குளிக்காரன், இருபத்திரண்டு வயது, புதுசாகக் கலியாணம் செய்தவன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நாட்கூலி. விடிய எழும்பித் துறைமுகக் கேற்றில் போய் நிற்கவேண்டும். கங்காணி விரலை நீட்டினால் அன்றைக்கு வேலை, நீட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். "இது கிடைச்சா நான் கேற்றில நிக்கத் தேவையில்ல ஐயா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். வேறு எதுவும் கேட்டதில்லை.

முதல் இரண்டு நாளும் வெறுங்காலில்தான் ஆடினார்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கமெல்லாம் அப்போது வெறுங்கால் ஆட்டம்தான். சவரிமுத்துவின் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வந்தது. சல்தீனே பந்தின் பக்கம் பார்த்தார் என்றால் யோசியுங்கள். மூன்றாம் நாள் நான் பூட்ஸ் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு சோடி கொடுத்தேன். கம்பனி அணிகளின் போட்டியில் பூட்ஸ் இல்லாமல் இறங்க முடியாது, அது சட்டம். எல்லாம் பழைய பூட்ஸ், மரக்கட்டை மாதிரி இறுகியது. சவரிமுத்துவின் கால் விசிறிபோல விரிந்த கால். பிறந்த நாள் முதல் சப்பாத்துக்குள் போகாத கால். அவன் அளவில்லாத ஒரு சோடியை எப்படியோ இழுத்து மாட்டிக்கொண்டு, "சரி ஐயா" என்றான். நானும் பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து அவன் ஆட்டம் போயிற்று. ஓடுவான், ஆனால் எதிராளி குறுக்கே வந்தால் காலை இழுத்துக்கொள்வான். ஒரு அடி பிந்தி நிற்பான். குலமோ முதல் நாள் எப்படி ஆடினானோ அப்படியே ஆடினான், கூடவுமில்லை, குறையவுமில்லை. நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சல்தீன் என்னிடம் வந்து, "அந்த மட்டக்குளி ஆள்ல என்னமோ ஈக்கிது. நாலாம் கிழமை வரைக்கும் பொறுங்க" என்றார்.

நான் பொறுக்கவில்லை. எனக்கும் அப்போது உத்தியோகம் உறுதியாகவில்லை. துரை கேட்ட நாளுக்கு ஒரு கிழமை முன்னமே அறிக்கையைக் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று ஓர் ஆசை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்றாம் கிழமைச் சனிக்கிழமை, அரைநாள் கந்தோர். அறிக்கையை மையால் அழகாக எழுதி, கோடு போட்டு, துரையின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். திங்கள் காலை பார்ப்பார். சவரிமுத்துவின் பக்கத்தில், துணிவு என்ற தலைப்பின் கீழே, ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "துணிவு போதாது. எதிராளியைக் கண்டு பின்வாங்குகிறார்."

அன்று பின்னேரம் பயிற்சி நடக்கும்போதே மழை பிடித்தது. வெளி முழுக்கச் சேறு. ஆட்டம் முடிந்து கால் கழுவ நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். சவரிமுத்து அங்கே குந்தியிருந்தான். பூட்ஸைக் கழற்றியிருந்தான். உள்ளே காலுறை இல்லை, சாக்குத் துண்டைச் சுற்றியிருந்தான். அதைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. குதிக்கால் இரண்டும் பச்சைப் புண். வலது பெருவிரலில் நகமே இல்லை. அவன் காலில் விழுந்து ஓடிய தண்ணீர் சிவப்பாகப் போனது.

"எத்தினை நாளா?" என்றேன்.

"பூட்ஸ் தந்த நாள்ல இருந்து ஐயா."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வேணாம் போ எண்டுவீங்களே" என்றான். பிறகு ஏதோ என்னைச் சமாதானப்படுத்துவது போல, "இப்ப கொஞ்சம் பழகிட்டுது ஐயா. இன்னம் ஒரு கிழமையில சரியாயிரும்" என்றான்.

இந்தக் காலோடுதான் அவன் மூன்று கிழமை பகலில் மூட்டை தூக்கியிருக்கிறான், பின்னேரம் அதை மீண்டும் பூட்ஸுக்குள் திணித்து ஓடியிருக்கிறான். இவனுக்குத்தான் துணிவு போதாது என்று நான் எழுதியிருந்தேன். நேரே சல்தீனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "திங்கக்கிழமை துரைட்ட போங்க. பிழையா எழுதிட்டன், இன்னும் ஒரு கிழமை தாங்க எண்டு கேளுங்க. அவ்வளவுதான்" என்றார்.

ஞாயிறு முழுக்கச் சொல்லவேண்டிய ஆங்கிலத்தை மனப்பாடம் செய்தேன். சமறியில் கண்ணாடிக்கு முன் நின்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நான் பெரிய வீரன்.

திங்கள் எட்டரைக்குத் துரையின் அறைக்குள் போனேன். என் அறிக்கை அவர் கையில் இருந்தது. தலை நிமிர்ந்து, இவ்வளவு சுத்தமான அறிக்கையைத் தான் கண்டதில்லை என்றார். கேட்ட நாளுக்கு முன்னமே தந்ததற்கும் பாராட்டினார். "வேறு ஏதும் உண்டா?" என்று கேட்டார். அந்த ஒரு கணம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வாயில் கொழுக்கட்டையா அடைத்திருந்தது? சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம். நான் சொன்னது இதுதான்: பந்துக்குப் புது பிளடர் ஒன்று வேண்டும். தாராளமாக வாங்கச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சல்தீன் கேட்டார், "சொன்னீங்களா மிஸ்டர்?"

"சொன்னனான். துரை கேக்கேல்லை" என்றேன்.

அவர் என்னை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமில்லை.

இரண்டு நாளில் குலத்தின் பெயர் பலகையில் வந்தது. மறுநாள் சவரிமுத்து கந்தோர் வாசலுக்கு வந்தான். பூட்ஸைக் கழுவி, காயவைத்து, இரண்டின் வாரையும் சேர்த்து முடிந்து கொண்டுவந்திருந்தான். "கப்டன் சொன்னாரு ஐயா. எனக்காகத் துரைட்டப் போய்க் கதைச்சீங்களாம்" என்றான். நான் பூட்ஸை வாங்கிக்கொண்டேன். "துரைக்குப் பிடிக்கேல்லப் போல. நீங்க என்ன செய்வீங்க?" என்று சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் படியிறங்கிப் போனான். அந்த நேரத்திலாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் என் உத்தியோகம் உறுதியாயிற்று.

குலம் ஆறு வருடம் அணியில் ஆடினான். கூடவுமில்லை, குறையவுமில்லை. சல்தீன் போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசி வரை நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. கம்பனி கைமாறி, பெயரும் மாறி, இப்போது அந்தக் கட்டிடத்தில் வேறு ஏதோ நடக்கிறது. கொட்டாஞ்சேனை வெளியில் வரிசையாக வீடுகள். குழாயடி எந்த வீட்டின் குசினிக்குள் போயிற்றோ தெரியாது. வெறுங்காலால் பந்தை ஒட்டவைத்து ஓடுகிற அந்த ஆட்டத்தையும் நான் பிறகு கண்டதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி என்ன தூரமா? இரண்டு பஸ் பிடித்தால் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தைப் போக எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. ஓய்வூதியம் எடுத்த வருடம்தான் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒற்றை அறை, வாசலில் கதவுக்குப் பதில் சாக்குப் படங்கு. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் எட்டிப் பார்த்தாள், அவனுடைய மகள். அப்பா இறந்து நாலு வருடம் என்றாள். துறைமுகத்தில் கடைசி வரைக்கும் நாட்கூலிதானாம். காலில் அந்தப் புண் ஆறி ஆறி வருமாம்.

பழைய கம்பனியின் பெயரைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. உள்ளே ஓடிப்போய், இருந்த ஒரே கதிரையைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டாள்.

"அப்பாவுக்காகத் துரையோட கதைச்ச ஐயா நீங்கதானா? சாகிற வரைக்கும் உங்களச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்காகவும் ஒராள் போய்க் கதைச்சவர் எண்டு."

சொல்லத்தான் போனேன். அவளைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல? சொல்லிவிட்டால் அந்த மனுஷனுக்காக இந்த உலகத்தில் யார்தான் பேசினார்கள் என்று மிஞ்சும்?

"ஓம், நான்தான்" என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்து, அவள் தந்த தேத்தண்ணீரைக் கடைசி வரை குடித்தேன்.