துடைக்காத வெள்ளி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சலவைக்கடை வைத்திருந்தாள், எல்லோருக்கும் அவள் ‘கறையக்கா’. மை கொட்டிய சட்டை, எண்ணெய் பட்ட பட்டு, துருப்பிடித்த கொக்கி தடம் விட்டுப்போன கோட்டு என்று மற்ற கடைகள் கைவிரித்ததெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், “போயிடும், வெச்சிட்டுப் போங்க” என்பாள். போயும்விடும்.

“துணியில கறையும் விடமாட்டா, என்கிட்ட குறையும் விடமாட்டா” என்று இஸ்திரிப் பெட்டியை அழுத்தியபடியே அவள் புருஷன் வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைப்பார்.

அப்பேர்ப்பட்டவள், வீட்டு அலமாரியின் மேல்தட்டில் கறுத்தும் சிவந்தும் நீலம் பாரித்தும் கிடந்த வெள்ளிக் காசுகளை வைத்துக்கொண்டு, ஒருத்தரையும் துடைக்க விடாமல் காவல் காத்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

சலவைக்கு வந்த ஒரு பழைய கோட்டில்தான் அது ஆரம்பித்தது. உள்பையில் காகிதத்தில் மடித்த ஒரு காசு இருந்தது. உரியவரிடம் நீட்டினாள். “கறுத்துப்போன காசும்மா, நீங்களே வெச்சுக்குங்க” என்று அவர் போய்விட்டார். வெளுத்துத்தான் பார்ப்போமே என்று கிண்ணத்தில் கரைசலை ஊற்றினாள். காசை விளிம்பில் பிடித்து சன்னல் பக்கம் லேசாகச் சாய்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. கறுப்பு என்று நினைத்தது கறுப்பே இல்லை. விளிம்பில் ஆழ்ந்த நீலம், அதற்கு உள்ளே கத்திரிப்பூ நிறம், அதற்கும் உள்ளே தேன் நிறம். நடுவில் இருந்த முகத்தின் கன்னத்தில் மட்டும் பழைய வெள்ளி மிச்சமிருந்தது. சாய்க்கச் சாய்க்க நிறங்கள் இடம் மாறின. கிண்ணத்துக் கரைசலைச் சாக்கடையில் கொட்டினாள்.

காசு சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டாள். காற்றிலும் காகிதத்திலும் துளித்துளியாகக் கந்தகம் இருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். தேய்த்தால் படலத்தோடு காசின் மேல்தோலும் போய்விடும். பளபளப்பு இருக்கும், உயிர் இருக்காது. ஒரே அச்சில் அடித்த காசுகள் அடித்த அன்றைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆளுக்கொரு மூலையில் கிடந்து வந்தபின் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அதனால்தான் பளிச்சென்ற காசை ஒதுக்கிவிட்டு இதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. அவளும் அலைந்தாள், வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.

“ஊர்க் கறையெல்லாம் போக்கறே, இதுக்கு மட்டும் என்ன சலுகை?” என்று புருஷன் கேட்டார்.

“துணிக்கு வந்தா அது கறை. இதுக்கு வந்தது வயசு.”

அவர்களோடு புருஷனுடைய அக்காவும் இருந்தார். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அழுக்கைக் கண்டால் அந்த நாத்தனாருக்கு ஆகாது. குழாயடியில் வைத்த வாளிகூட அவர் கண்ணில் பட்டால் மின்னும். ஒருநாள் மத்தியானம், நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அலமாரியைத் திறந்தார். முதலில் கைக்கு வந்தது அந்தக் கோட்டுக் காசு. பாத்திரப் பொடியும் நாருமாகத் தேய்த்து, துடைத்து, கடையிலிருந்து வந்தவளிடம் பெருமையாக நீட்டினார்.

“பாரேன், இருட்டறையில லைட்டு போட்ட மாதிரி இருக்கு!”

கறையக்கா காசைக் கையில் வாங்கினாள். நீலமும் இல்லை, தேனும் இல்லை. முகத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நாரின் கீறல்கள்.

“யாரு அண்ணி உங்களைத் தொடச் சொன்னது?”

“அழுக்கைத் தேய்க்க ஒருத்தர் சொல்லணுமா?”

“அழுக்கு இல்ல அண்ணி. அது உக்காந்து உக்காந்து தானா சேத்து வெச்சது. இனிமே அந்த அலமாரிப் பக்கம் வந்தீங்கன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்!”

அதன்பிறகு வீட்டில் பேச்சு நின்றது. ‘சாப்பாடு ஆச்சான்னு கேளு’, ‘ஆச்சுன்னு சொல்லுங்க’ என்று இரண்டு பேருக்கும் நடுவில் அவள் புருஷன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல அல்லாடினார்.

இந்த நிலையில்தான் நாணயச் சங்கத்தின் வருஷாந்தரக் கண்காட்சி வந்தது. ஒரு கட்டடத்தின் மாடியில் நீளமான ஹால். வரிசையாக மேசைகள், தலைக்குமேல் ட்யூப்லைட்டுகள். அவள் தன் காசுகளைப் பரப்பி, நட்டநடுவில் அந்தத் தேய்த்த காசையும் வைத்தாள். எது போயிற்று என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தாள். பெட்டியைத் தூக்கிவந்தது நாத்தனார். யாரும் கூப்பிடவில்லை, அவராகவே செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்திருந்தார்.

சங்கத்தலைவர் கண்ணாடிக்கடை முதலாளி. மேசைக்கு முன்னால் வந்து நின்று முகத்தைச் சுளித்தார்.

“இந்தக் கலர் காசையெல்லாம் எடுத்துடுங்கம்மா.”

“ஏன் சார்?”

“டோனிங் எனக்கும் தெரியும். ஆனா உங்க தொழிலே கெமிக்கல். நீங்களே கலர் ஏத்தறீங்கன்னு நாலு பேர் பேசறாங்க. சங்கத்துக்குக் கெட்ட பேரு.”

மருந்து போட்டு நிறம் ஏற்றி விற்கிறவர்கள் இல்லாமல் இல்லை. தான் அப்படியில்லை என்று அந்த இடத்தில் நிரூபிக்க அவளிடம் ஒன்றுமில்லை.

“நான் கறையை எடுக்கிறவ சார். வைக்கிறவ இல்ல.”

“நான் நம்பறேன். வர்றவங்க நம்பணுமே? இதோ நடுவுல பளிச்சுனு இருக்கே, இதை மட்டும் வைங்க. வெள்ளின்னா இப்படி இருக்கணும்.”

“நம்பாதவங்க நம்பாமலே பாத்துட்டுப் போகட்டும். ஒண்ணையும் எடுக்கமாட்டேன்.”

“அப்போ இந்த ஹால்ல உங்களுக்கு இடம் கிடையாது.”

அதுவரை சுவரோரம் நின்றிருந்த நாத்தனார் முன்னால் வந்தார். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தையே அடக்கிய குரல் அது. ஹாலின் மறுகோடிவரை கேட்டது.

“ஏன்யா, நீ நல்லாருக்குன்னு சொன்னியே, அது நான் தேய்ச்சுப் பாழாக்கின காசு! என்ன அழகா இருந்ததுன்னு அது போனப்புறம் இவ மூஞ்சியப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஒரு காசுக்காக வீட்டுப் பெரியவகிட்ட பேச்சையே நிறுத்தினவ இவ. இவளா பூச்சு பூசி ஊரை ஏமாத்துவா?”

கறையக்கா நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாளில் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

“அண்ணி, அந்தப் பக்கம் பிடிங்க.”

இருவரும் மேசையைக் காசுகளோடு தூக்கி வெளியே, மாடிப்படி திரும்பும் இடத்தில் போட்டார்கள். அங்கே ஒரு பெரிய சன்னல். சாய்ந்த வெயில் நேராக மேசைமேல் விழுந்தது. ட்யூப்லைட்டில் அடுப்புக்கரி மாதிரி கிடந்த காசுகள், வெயில் பட்டதும் ஊதாவும் பச்சையும் பொன்னுமாகக் கண்விழித்தன. படியேறி வந்தவர்கள் ஹாலுக்குள் போகுமுன் இங்கே நின்றார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துக் காட்டினாள். “கொஞ்சம் பொடி போட்டுத் தேய்க்கக் கூடாதா?” என்று ஒரு அம்மாள் மூக்கைச் சுருக்கினாள். “கூடாதும்மா!” என்று நாத்தனார் பதில் சொன்னார். சங்கத்து உறுப்பினரான கணக்கு வாத்தியார் ஒருவர், உள்ளே தன் மேசையிலிருந்து கறுத்த காசு இரண்டைக் கொண்டுவந்து, “இதுக்கும் கொஞ்சம் வெயில் குடுங்க” என்று ஓரமாக வைத்தார்.

கண்காட்சி முடிந்ததும் தலைவர் வெளியே வந்தார். காசுகளை ஒருமுறை பார்த்தார்.

“டேபிளை உள்ள போட்டுடுங்க.”

“நாங்க தூக்கிட்டு வந்தோம். நீங்க தூக்கிட்டுப் போங்க.”

அவர் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் சங்கம் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. அவளைப் பற்றிய பேச்சும் முழுக்க ஓயவில்லை. கலர் பூசுகிறவள் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். “சொல்லட்டும், வாய் அவங்களுது, காசு என்னுது” என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாத்தியாரும் இன்னும் ஓரிருவரும் காசுகளைப் பார்க்க வீட்டுக்கு வருவார்கள். நாத்தனார் காப்பி கொடுப்பார்; கொடுத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நிற்பார்.

“டம்ளரைக் கீழ வெச்சிட்டு, கையத் துடைச்சிட்டுத் தொடுங்க வாத்தியாரே. ஓரத்தைப் பிடிக்கணும், ஓரத்தை! நடுவுல விரல் வெச்சீங்க, அப்புறம் என்கிட்ட காப்பி கேக்கக் கூடாது.”