மல்லாட்டைக் கார்டு

அறுபதுகளின் கடைசியில் விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் நான் நூலகர். பீரோக்களைப் பூட்டக்கூடாது, மாணவர்களே புத்தகத்தைத் தேடி எடுக்கட்டும் என்று பிரின்சிபாலோடு சண்டை போட்டு, வாரம் ஒரு வகுப்பும் வாங்கியிருந்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இழுப்பறையில் ஒரு கார்டு. அதில் உள்ள எண்தான் புத்தகத்தின் முதுகிலும் இருக்கும். இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் பாதிக் கார்டுகளைக் காணோம். பிரின்சிபால் பியூனைப் பூட்டு வாங்க அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை வர்றேன். உங்க உதவி இல்லாம ஒருத்தர் ஒரு புக்கைத் தேடி எடுத்துட்டா பூட்டு வேணாம். இல்லேன்னா வகுப்பே வேணாம்."

வகுப்பில் போய்க் கத்தினேன். "கார்டைத் திருடி என்ன பண்றீங்க? அடுப்பெரிக்கிறீங்களா?"

திண்டிவனத்திலிருந்து ரயிலில் வரும் பெண் ஒருத்தி எழுந்தாள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெண்.

"திருடல சார். ஆஸ்பத்திரில சீட்டைக் காட்டினாதான மருந்து குடுக்குறாங்க? அதான் கார்டை எடுத்துக்கினு உங்களாண்ட வந்தோம். நீங்க சாப்பிடப் போயிட்டீங்க. பையில வச்சிக்கினு ரயிலுக்கு ஓடிட்டோம்."

"எங்கூட்ல ஒண்ணு சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா கீது சார்" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். வகுப்பே சிரித்தது.

கார்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், எண்ணை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இவர்கள் இதற்குமுன் எந்த நூலகத்தைப் பார்த்தார்கள்? முட்டாள் நான்தான். பழைய பரீட்சைத் தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்து, பென்சிலோடு இழுப்பறைப் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிரின்சிபால் அந்தப் பெண்ணையே கூப்பிட்டார். "மல்லாட்டைச் சாகுபடி புக்கு எடும்மா." வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை. பின்னால் பியூன் பூட்டோடு நின்றார்.

அவள் இழுப்பறையைப் புரட்டினாள். மல்லாட்டைக் கார்டு இல்லை. நான் வாயைத் திறக்கவும் முடியாது.

அவள் வேறு ஒரு கார்டைப் பார்த்துத் துண்டுத்தாளில் என்னவோ எழுதினாள். அலமாரிக்குப் போனாள். புத்தகத்தோடு வந்தாள்.

"கார்டே இல்லியே, எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"எள்ளுக் கார்டு இருந்துச்சு சார். மல்லாட்டையும் எண்ணெய்க்குப் போடறதுதான? பக்கத்துலதான் இருக்கும்னு போய்ப் பாத்தேன்."

இதை நான் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரத் தோன்றியதுகூட இல்லை. அடுத்த வாரப் பாடம் அதுதான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பிரின்சிபால் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டினார். "பூட்டைக் கடையில திருப்பிக் குடுத்துடுங்க" என்றார் பியூனிடம்.

திங்கட்கிழமை மல்லாட்டைக் கார்டு குங்குமக் கறையோடு வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது அதுதான். கடைசி பெஞ்சுக்காரனை நன்றாகத் திட்டிவிட்டு, அவன் கையாலேயே அதை இழுப்பறையில் செருக வைத்தேன்.