பல் வேனின் ஜெனரேட்டர்

1. கங்காணியின் வாய்

முதல் தடவை அது நின்றபோது கங்காணியின் கடைவாய்ப் பல்லில் ஊசி பாதி இறங்கியிருந்தது. குடையும் மெஷின் இழுத்து இழுத்து ஓய்ந்தது. மேலே விளக்கும் அணைந்தது. தோட்டத்தில் அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்குகிற மனிதர், வாயை மூடவும் முடியாமல் பேசவும் முடியாமல் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். வெளியே வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பல்வலி அல்ல, சிரிப்பு.

நான் அப்போது மலாய் நாட்டில் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, கேட்டில் துப்பாக்கிக் காவல், ரோட்டில் சோதனைச் சாவடி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி, மருந்து, பெட்ரோல் எதுவும் போய்விடக் கூடாது என்பதற்காக இத்தனையும். தொழிலாளி ஊருக்குப் போய்ப் பல் காட்டிவிட்டு வருவது பெரும்பாடு. அதனால் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் சில சேர்ந்து ஒரு பல் வேன் வைத்திருந்தன. உள்ளே பல் நாற்காலி, ஒரு கைகழுவும் தொட்டி, டாக்டர் படுத்துக்கொள்ள மடக்குக் கட்டில், டீ போட ஒரு ஸ்டவ். டாக்டர் வாரக்கணக்கில் அதிலேயே குடியிருப்பார். பின்பக்கத் தனிப் பெட்டியில் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் ஜெனரேட்டர், கயிற்றைச் சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. டாங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கும். பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும், பம்ப் கிடையாது.

டிரைவர் காதர் அண்ணன். சுங்கைப் பட்டாணியில் வீடு. வேன் ஓட்டுவது, ஜெனரேட்டரை இழுத்துவிடுவது, பல் பிடுங்கும்போது தலையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர்தான். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன காணும், நிண்டு போச்சோ? மனுசன்ர வாய்க்குள்ள ஊசி நிக்குது," என்று டாக்டர் உள்ளிருந்து கேட்க, காதர் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிவந்து என்னைக் கூட்டிப் போனார். நான் டாங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பிளக்குல கரிண்ணே. இனிமே நிக்காது," என்றேன். ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

2. என் கைராசி

மறுநாளும் நின்றது, அதற்கு அடுத்த நாளும் நின்றது. கணக்காக இருபது நிமிடம் ஓடும், இரண்டு தடவை செருமும், அடங்கிவிடும். சும்மா விட்டு வைத்தால் பிறகு ஐந்து நிமிடம் ஓடும். நான் போய்க் கை வைத்தால் நன்றாக ஓடும். மேக்னெட்டோ பாயிண்டைத் தேய்த்தேன். கார்புரேட்டர் ஜெட்டை ஊதினேன். பில்டரைக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் அதுதான் கோளாறு என்று நம்பினேன். ஒவ்வொரு தடவையும் 'ஓகே' எழுதினேன். சைக்கிளில் ஒர்க்‌ஷாப் திரும்புவதற்குள் பின்னாலேயே ஆள் வந்துவிடும். சாப்பிட உட்கார்ந்தால் காது அந்தப் பக்கமே இருக்கும். சத்தம் நிற்கிறதா, நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே சோறு தின்றது அந்த மாதத்தில்தான்.

"நீ கெளம்புனதும் அது அழுவுது தம்பி. மாப்பிள்ளையப் பிரிஞ்ச பொண்ணு கணக்கா," என்று காதர் அண்ணன் கேலி செய்வார். ஒருநாள் கேலியை விட்டுவிட்டுச் சொன்னார். "நான் பாத்த வரைக்கும் சொல்றேன். நீ அரக்க ஒடைச்சு மூடியத் தெறக்கிற, ஓடுது. திரும்ப அரக்கு வெக்கிற, நிக்குது. அதுக்கு மூச்சு முட்டுது தம்பி."

"அண்ணே, நீங்க ஸ்டீரிங்கப் புடிங்க. எஞ்சின நான் பாத்துக்கிறேன்லா," என்று சொல்லிச் சிரித்தேன்.

அரக்கைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் பெட்ரோல் திருட்டு நடந்த பிறகு எங்கள் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான பெரிய துரை தாமாகவே ஓர் உத்தரவு போட்டார். தினமும் காலையில் ஜெனரேட்டர் டாங்க்கை ஒர்க்‌ஷாப்பில் நிரப்ப வேண்டும். மூடியைக் கயிற்றால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்துத் தோட்ட முத்திரை குத்த வேண்டும். பிட்டரைத் தவிர யாரும் அதை உடைக்கக் கூடாது. சாயங்காலம் வேன் திரும்பும்போது முத்திரையையும், டாங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சாவடியில் பார்ப்பார்கள்.

ஆரம்பத்தில் நான் வைத்த முத்திரை ஒன்று செம்மண் ரோட்டுக் குலுக்கலில் உதிர்ந்துபோனது. அதற்காகத் துரையின் மேஜைக்கு முன்னால் அரை நாள் நின்றேன். அந்த அவமானம் என்னை விடவில்லை. அதன் பிறகு, எவனும் குறை சொல்லக் கூடாது என்று, கல்லில் தோசைக்கு மாவு ஊற்றுவது போல மூடி முழுவதும் அரக்கை ஊற்றி மெழுகிவிடுவேன். துரை கேட்டது முடிச்சில் ஒரு பொட்டு.

3. உடைந்த முத்திரை

டாக்டர் லீவில் ஊருக்குப் போவதற்கு முந்தைய கடைசி வேலைநாள். வேன் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் நின்றது. வேலை முடிந்ததும் அங்கிருந்தே காரில் பினாங்கு போய்க் கப்பல் ஏற வேண்டும் என்று டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். அவர் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். வரிசையில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கன்னம் வீங்கி நான்கு நாளாகக் கஞ்சிகூடக் குடிக்காத ஒரு பெண்ணும் அதில் இருந்தாள்.

வழக்கம்போல இருபது நிமிடத்தில் எஞ்சின் நின்றது. நான் அன்று கூலிம் ரோட்டில் படுத்துவிட்ட லோரியோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். காதர் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்குரூடிரைவரால் அரக்கை உடைத்து, மூடியைத் தளர்த்தி வைத்து, கயிற்றை இழுத்தார். எஞ்சின் மாலை நான்கு மணிவரை ஒரு செருமல் இல்லாமல் ஓடியது. அத்தனை பேருக்கும் பல் பார்த்துவிட்டு டாக்டர் கிளம்பிப் போனார்.

காதர் அண்ணன் தனியாக வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். சாவடியில் பார்த்தார்கள். முத்திரை உடைந்திருந்தது. மற்ற நாட்களில் முக்கால் டாங்க் பெட்ரோலோடு திரும்புகிற வேனில் அன்று அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. காட்டுக்காரர்களுக்குப் பெட்ரோல் கொடுத்துவிட்டார் என்று அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

மூடி அடைத்திருந்தால் எஞ்சின் நிற்கிறது, அதனால் உடைத்தேன், நாள் முழுக்க ஓடியது, பெட்ரோல் அதிலேயே போனது என்று அவர் சொன்னார். சாட்சி சொல்ல வேண்டிய டாக்டர் கடலில் இருந்தார். லயத்து ஜனங்களின் பேச்சை ஸ்டேஷனில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஒரு சார்ஜென்ட் தோட்ட ஆபீசுக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். என்ன விஷயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணி ஒர்க்‌ஷாப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். பக்கம் பக்கமாக என் 'ஓகே'.

"ஜெனரேட்டர்ல கோளாறு உண்டா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு," என்றார் கிராணி.

உண்டு என்றால் என்ன கோளாறு என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. இத்தனை நாள் என்ன கிழித்தாய் என்றும் கேட்பார்கள்.

"இல்லைங்க. மெஷின் நல்லா இருக்கு," என்றேன். கிராணி டைப் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். காதர் அண்ணன் லாக்கப்பில் இருக்கிறார் என்பதும், என் வார்த்தை அவரைப் பொய்யராக்கிவிட்டது என்பதும் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் ஆபீசுக்குத் திரும்பிப் போகவில்லை. பயம். வேறு பெயர் சொல்ல முடியாது.

4. சைனம்பு அக்கா

இரண்டு நாள் கழித்து காதர் அண்ணனின் மனைவி சைனம்பு அக்கா பஸ் பிடித்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே விட மாட்டார்கள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவோம்னு சொல்றாங்க தம்பி. அங்க அவருக்கு யாரு இருக்கா? எனக்கு இந்தியா எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. நான் இங்கயே பொறந்தவ."

"நான் என்னக்கா செய்ய முடியும்?"

"பொய் சொல்லச் சொல்லல. மெஷின் நின்னுச்சுன்னு அவரு சொன்னா நின்னுருக்கும். இன்னொரு தரம் பாருங்க. அது போதும்."

வேனை எங்கள் ஒர்க்‌ஷாப் முற்றத்தில்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். டாங்க்கை நிரப்பினேன். எப்போதும் போலவே மூடி முழுக்க அரக்கை ஊற்றி முத்திரை குத்தினேன். எஞ்சினை ஓட விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுசாக இருபது நிமிடம் அதன் முன்னால் நான் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எஞ்சின் செருமி நின்றது. நான் பிளக்கைத் தொடவில்லை, ஜெட்டைத் தொடவில்லை. அரக்கை மட்டும் உடைத்து மூடியைத் திருகினேன். டாங்க் 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. கயிற்றை இழுத்தேன், ஓடியது.

மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்தத் துளை வழியாக மேலே காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிட்டர் படிக்கிற பாடம் இது. அந்தத் துளைக்குள் என் அரக்கு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. நான் ரிப்பேர் பார்க்க வந்து முதலில் செய்வதே அரக்கை உடைத்துப் பெட்ரோல் பார்ப்பதுதான். அதிலேயே கோளாறு தீர்ந்துவிடும். போகும்போது நானே அதைத் திரும்ப வைத்துவிட்டுப் போவேன். எனக்கு வந்த வெட்கத்தில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சந்தேகம் தீர இன்னும் இரண்டு தடவை அடைத்தும் திறந்தும் ஓட்டிப் பார்த்தேன். பிறகு துரையிடம் போனேன்.

"நீ கையெழுத்து போட்டது. இப்போ மாத்தி சொல்றது. நாளைக்கு என்ன சொல்றது?" என்று துரை தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார். முகம் சிவந்திருந்தது. இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். வேனை அங்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்.

5. ஸ்டேஷன் முற்றம்

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், நிதானமான மனிதர். நாற்காலி போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். காதர் அண்ணனைக் கைவிலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாடி வளர்ந்திருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அரக்கைக் காய்ச்சி மூடியில் ஊற்றினேன். கயிற்றை இழுத்தேன்.

இருபது நிமிடத்தில் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தேன். இருபது ஆயிற்று. எஞ்சின் ஓடியது. இருபத்தைந்து ஆயிற்று. கேட்டில் நின்ற கான்ஸ்டபிள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சின் அன்றைக்கென்று அவ்வளவு சீராக ஓடியது. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"தம்பி, நின்னுருமா?" காதர் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"நிக்கும்ணே," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. எஞ்சின்கள் ஓட வேண்டும் என்று எத்தனையோ தடவை சாமியைக் கும்பிட்டிருக்கிறேன். ஓர் எஞ்சின் நிற்க வேண்டும் என்று கும்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

முப்பத்தைந்து நிமிடமும் கடந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தபோது எஞ்சின் செருமியது. இன்னொரு தரம் செருமி அடங்கியது. ஒர்க்‌ஷாப்பில் சோதித்துச் சோதித்து டாங்க் பாதியாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பெட்ரோல் குறைந்தால் உள்ளே காற்று கூடுதல், அதனால் நிற்கவும் கூடுதல் நேரம். அதுவும் பிறகு யோசித்துப் புரிந்துகொண்டதுதான்.

அரக்கை உடைத்தேன். மறுபடி ஓட்டிக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பார்த்தார். "சியாப்பா புவாட்?" என்றார். யார் செய்தது என்று கேட்கிறார்.

"சாயா, துவான்," என்றேன். நான்தான் ஐயா.

அன்று சாயங்காலமே காதர் அண்ணனை விட்டார்கள். என்னைத் துரை பல் வேனிலிருந்து விலக்கி, ஆறு மாதம் லோரி ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் அடிக்க வைத்தார். அது எனக்குக் குறைவுதான்.

திரும்பி வரும்போது வேனை நான் ஓட்டினேன். காதர் அண்ணன் விலங்கு பட்ட மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி வழி வந்தோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மெஷின்ல கோளாறு இல்லன்னு நீ கையெழுத்துப் போட்டத எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க தம்பி. வேற எவன் சொல்லிருந்தாலும் பொய்யின்னு கத்திருப்பேன். நீ சொன்னதால எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ரெண்டு நாளு உக்காந்து யோசிச்சேன், நாமதான் பெட்ரோல எங்கயாச்சும் விட்டுட்டமோன்னு."

நான் வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் ஓட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம் பல ஒர்க்‌ஷாப்புகளில் வேலை பார்த்தேன். மெஷின் நிற்கிறது என்று டிரைவர் சொல்லி, எனக்கு ஒன்றும் அகப்படாத நாட்கள் நிறைய உண்டு. அந்த நாட்களில் புத்தகத்தில் 'கோளாறு இல்லை' என்று நான் எழுதியதே இல்லை. 'பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை' என்று எழுதினேன். அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு தடவை சம்பள உயர்வும் தள்ளிப்போனது. பரவாயில்லை. இப்போது ஸ்பானர் பிடிக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். நாம் எழுதுவதை வைத்துக்கொண்டு யார் யாரை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள் என்று எழுதும்போது நமக்குத் தெரியாது.