லீவில் வந்தாலும் பட்டாளத்தான்

சித்தப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தது எங்கள் கிணற்றடியில் வைத்து. நான் ஒன்றும் தப்பாகக் கேட்டுவிடவில்லை. அப்பா போன பிறகு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் கிணற்றில் எங்கள் முறைக்கும் சேர்த்து அவரே மோட்டாரைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தென்னைகள் கருகிக்கொண்டிருந்தன. அம்மா போனில் அழுது அழுது சொன்னதால், அந்த லீவில் வந்ததும் முதல் வேலையாகத் தளவாய்புரத்துத் தோப்புக்குத்தான் போனேன்.

அவரும் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். விதியெல்லாம் அத்துப்படி. அறைந்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"கை வையிலே பாப்போம். லீவுல வந்தாலும் நீ பட்டாளத்தான்தாம்லே. ஒரு கேஸைக் குடுத்தேன்னா ஒன் யூனிட்டுக்குத் தகவல் போயிரும். பொறவு ஒன் வேலை அம்புட்டுதான்."

கை துறுதுறுத்தது. ஆனால் அந்த ஆள் சொன்னதில் பொய்யில்லை. தோப்பில் தேங்காய் வெட்ட வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, வீட்டுக்குத் திரும்பி வந்தேன். பிறகு டியூட்டியில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கன்னம்தான் எரிந்தது.

அடுத்த லீவு அவர் மகள் கல்யாணத்துக்காக எடுத்தது. அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் அண்ணனோ தம்பியோதான் மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வர வேண்டும். அண்ணன் முறைக்கு நான் ஒருத்தன்தான். சித்தப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மாவிடம் வந்து கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை. தங்கச்சி சின்னதிலிருந்தே அண்ணே அண்ணே என்று என் பின்னாலேயே சுற்றினவள். அவளுக்காகச் சரி என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் யூனிட்டிலிருந்து போன். லீவில் போன எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். பேசிய சுபேதார் நல்ல மனுஷன். கல்யாணம் என்று தெரிந்ததும், "முடிச்சிட்டு நாளைக்கு ஏறு, நான் பேசிக்கிறேன்" என்றார்.

"வேண்டாம் சாப், இன்னைக்கே கிளம்புறேன்" என்றேன். சொல்லும்போதே மனசு குளுகுளுவென்று ஆனது.

ராஜபாளையம் ஸ்டேஷனுக்கே ஓடி வந்துவிட்டார் சித்தப்பா. சட்டைப் பட்டன்கூடச் சரியாகப் போடவில்லை.

"ஒரே ஒரு நாள் கேட்டுப் பாருலே. சபையில என்னையத் தலைகுனிய வச்சிராத."

"லீவுல வந்தாலும் பட்டாளத்தான்தான சித்தப்பா. நீங்கதான சொன்னிய."

கூப்பிட்டால் போயாக வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? வண்டி நகரும்வரை அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தேன்.

மறுநாள் அம்மா போன் பண்ணினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டப வாசலில், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரைப் பிடித்து மாலை போட வைத்தார்களாம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், "ஏன், பொண்ணு வீட்டுச் சொந்தத்துல ஒரு ஆம்பளை இல்லையாக்கும்?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாராம். சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாராம்.

அதை அம்மாவை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். தங்கச்சி அழுதாளா என்று மட்டும் கேட்கவில்லை.