மாமா வாங்கிய சைலன்சர்

என் வண்டிக்கு எந்த சைலன்சர் மாட்ட வேண்டும் என்று எனக்கு எவனும் சொல்லித் தர வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் பழவேற்காட்டுக் கரையில் நின்று என் பெயரைச் சொல்லிப் பாருங்கள், மீஞ்சூர் வரைக்கும் ஐஸ் கம்பெனிக்காரன் எழுந்து நிற்பான். மூன்று பிக்கப் ஓடுகிறது. மூன்றும் இந்தக் கையால் சம்பாதித்தது. மாமனார் கொடுத்ததில்லை, பேங்க் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவனுடைய வண்டியில், போன வாரம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மகன் புது சைலன்சர் மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். இன்ஜின் ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்றே தெரியவில்லை. திருட்டுப் பூனை மாதிரி வந்து வாசலில் நிற்கிறது.

"கழட்டுடா அதை" என்றேன்.

"பழசு போலீஸ்காரன் புடிக்கிற சத்தம் நைனா. இப்ப எல்லார் கையிலயும் ஃபோன் இருக்குது. வண்டி வருதுன்னு ஒரு மெசேஜ் போட்டா இறால்காரங்க வந்துடப் போறாங்க. இதுக்கு இன்னாத்துக்கு இப்படிக் கத்துற?"

இன்னாத்துக்கு என்று கேட்டான் பாருங்கள், இன்ஜினீயரிங் படித்தவன். படிக்க வைத்தவன் நான். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

நான் பிறந்தது பசியாவரம். நாலு பக்கமும் ஏரி. என் நைனா, நான் பேச்சுப் பழகுவதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இறால் தடவினாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கழுத்தளவு தண்ணீரில் மண்டி போட்டு நகர்ந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவி, அகப்படுகிற இறாலைப் பறியில் போடுவது. பறி என்றால் ஓலைக் கூடை. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் அதை வாயில்தான் கடித்துக்கொள்ள வேண்டும். பறி வாயில் இருக்கும்வரை பேச்சுக் கிடையாது. அதனால்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் கரையேறினால் மிச்சம் வைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்ப்பார்கள்.

பறி தண்ணீரில் மிதக்கிறவரை இறால் உயிரோடு துள்ளும். கரைக்கு எடுத்துப் போய் வெயிலில் காத்துக்கிடந்தால் தலை கறுத்துப்போகும். கறுத்த இறாலைக் கம்பெனி தொடாது. ஆகவே, வண்டி வந்த பிறகுதான் படகு எடுப்பார்கள். எதிர்க்கரையில் வண்டி நிற்கிற இடத்தைச் சவுக்குத்தோப்பு மறைத்துக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காதுதான் துணை.

அந்த வண்டி என் மாமாவுடையது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மெட்ராஸ் கம்பெனிக்காக இறால் எடுத்தார். பழைய பிக்கப். ஏரித் தண்ணீர் ஏறுகிற ரோட்டில் ஓடி ஓடி சைலன்சரை உப்பு தின்று ஓட்டை போட்டிருந்தது. மேலக்காற்று அடிக்கிற நாளில் அந்த உறுமல் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு எங்கள் தீவுக்கு வரும். உடனே பெண்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். "வந்துச்சுடி எமன் வண்டி!" என்று சிரித்துக்கொண்டே படகுக்கு ஓடுவார்கள்.

ஊரில் ஒரு கட்டு இருந்தது. சத்தம் கேட்டுக் கிளம்பிய படகு கரை தட்டுகிற வரைக்கும் வண்டி நிற்க வேண்டும். மீறினால் அந்த வண்டிக்கு ஊரில் ஒரு இறால் கிடையாது. வண்டி போன பிறகு வருகிற இறாலுக்கு ஒரே கதி, பூவரச மரத்தடியில் ஐஸ்பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த ஆள். அவன் வாயிலிருந்து வருவதுதான் விலை. கம்பெனி விலையில் பாதி கூடத் தேறாது.

அந்த வருஷம் நான் ஐந்தாவது. பெருமைக்குச் சொல்லவில்லை, பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்ல எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒருவன்தான். ஆறாவதுக்குப் பொன்னேரி ஹாஸ்டல். இந்த இறால் காலம் ஒழுங்காகப் போனால் சேர்த்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். டிரங்குப் பெட்டி வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தாள். எனக்கு ஆறாம் வகுப்பைவிட அந்தப் பெட்டிமேல்தான் கண்.

பங்குனி மாதம், இறால் கொட்டுகிற நேரம், மாமாவின் சைலன்சர் இற்று நடுரோட்டில் விழுந்தது. மெட்ராஸ் புதுப்பேட்டையில் வேறு வாங்கக் கிளம்பினவர் என்னையும் ஏற்றிக்கொண்டார். காரணம் என் காது. தோப்புக்கு அந்தப் பக்கம் வருகிறது லாரியா, பஸ்ஸா என்று நான் வீட்டுக்குள் இருந்தே சொல்வேன்.

"பாம்புக் காதுடா மாப்ளே உனக்கு" என்பார். "எது பசியாவரத்துக்குக் கேக்கும், எது கேக்காதுன்னு நீதான் சொல்லணும்."

கடைக்காரர் ஒரு பாய். தாடியெல்லாம் எண்ணெய்க் கறை. இரண்டு சைலன்சரை எடுத்துப் போட்டு விரலால் தட்டிக் காட்டினார். ஒன்று தடித்த தகட்டில் வெல்டிங் அடித்தது, உள்ளே நேர்க்குழாய். இன்னொன்று மெல்லிசுத் தகடு, வயிற்றுக்குள் தடுப்புக்குமேல் தடுப்பு. ஒவ்வொன்றையும் கம்பி போட்டுக் கட்டி வண்டியை உறும விட்டார். நான் தெருக்கோடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். முதலாவது தொண்டை கட்டிய எருமை கத்துவது மாதிரி வந்தது. இரண்டாவதுக்கு ஒன்றுமே வரவில்லை. வண்டியை எப்போது எடுப்பார்கள் என்று காத்துக்கொண்டே நின்றேன்.

ஓடிவந்தேன். "மொதல்லதுதான் மாமா! ரெண்டாவது தெருக்கோடிக்கே வரல."

"சுத்தமா கேக்கலியா?"

"சுத்தமா கேக்கல."

"உப்புத்தண்ணி வண்டிக்கு அந்தத் தடிச்ச தகடுதான் தாங்கும் தம்பி" என்றார் பாயும். "மெல்லிசு நாலு மாசத்துல பப்படமாப் பூடும்."

மாமா என் முதுகில் தட்டி, எதிர்க்கடையில் சமோசா வாங்கித் தின்னச் சொன்னார். தின்று முடித்து வருவதற்குள் மாட்டி முடித்திருந்தார்கள். வண்டி கிளம்பித் தெரு தாண்டின பிறகுதான் எனக்கு உறைத்தது. சத்தமே இல்லை.

"மாமா! பாய் மாத்தி மாட்டிட்டாரு!"

"அப்படியா? இன்னா பண்றது மாப்ளே, இவ்ளோ தூரம் வந்தாச்சே."

அந்தப் பாயை நான் திட்டாத திட்டு இல்லை. வீடு வருகிற வரைக்கும் திட்டினேன். மாமா தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் பறியைக் கடித்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருக்க, வண்டி வந்து, நின்று, போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தியை எதிர்க்கரையில் காவல் வைத்துப் பார்த்தார்கள். அவள் தொண்டை சைலன்சரா என்ன, ஏரி தாண்டிக் கேட்க? அம்மா நனைந்த சேலையோடு வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா, ஒரு ஹார்னாவது அடிக்கக் கூடாதா?"

"ஹார்ன் ரிப்பேரு அக்கா."

"ஹார்னும் இப்பதான் ரிப்பேரா?"

"நான் வந்து நின்னேன்கா. ஒரு படகும் கிளம்பல. கிளம்புன படகுக்குத்தானே நிக்கணும்னு ஊர்க் கட்டு? நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லு."

கட்டுப்படி ஒரு தப்பும் இல்லை. நான்தான் மாமாவுக்காகப் பரிந்து பேசினேன். மாமா நல்லவர், புதுப்பேட்டைப் பாய்தான் ஏமாற்றிவிட்டான் என்று கரையில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னேன். மாமா எவ்வளவு நல்லவர் என்பதற்கு என்னிடம் சாட்சியும் இருந்தது. ஒரு சாயங்காலம் ஐஸ்பெட்டிக்காரனுடைய இறால் நிறைந்த பெட்டிகளை மாமா தானே தூக்கித் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஊரே திட்டுகிற ஆளுக்குக்கூட உதவி செய்கிறாரே என்று அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. மறுபடி ஆய ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. பொன்னேரிக்கு நான் போகவில்லை. பெட்டியும் வரவில்லை. அம்மா எனக்கு ஒரு சின்னப் பறி பின்னிக் கொடுத்தாள். பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்த வாயில் அதைக் கடித்துக்கொண்டு ஏரியில் மண்டி போட்டேன். அந்த ஓலையின் புளிப்பு இன்னும் பல்லில் இருக்கிறது. மாமா செத்து வருஷம் பல ஆயிற்று. செத்தவரைத் திட்டக் கூடாதாம். யார் சொன்னது? நான் திட்டுவேன்.

ஆனால் ஒன்று. யாரிடம் வேண்டுமானாலும் பேரம் பேசலாம், உப்பிடம் பேச முடியாது. ஆடிக்காற்று தொடங்கும்போது அந்த மெல்லிசுத் தகடு பாய் சொன்னபடியே பப்படமாகிவிட்டது. தோப்புக்கு அப்பாலிருந்து பழைய உறுமல் கிளம்பி வந்தது. நான் பறியைத் துப்பிவிட்டு "வண்டி! வண்டி!" என்று குதித்தேன். பெண்கள் படகில் விழுந்தடித்து ஏறினார்கள். மாமா நிற்கத்தான் வேண்டியிருந்தது. கம்பெனி விலையைக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஐஸ்பெட்டிக்காரன் மரத்தடியில் ஈ ஓட்டினான். எங்கள் ஊரில் அந்த ஒரு வாரம் திருவிழா.

அடுத்த வாரம் மாமா புதுப்பேட்டைக்குப் போனார். இந்தத் தடவை என்னை அழைக்கவில்லை. திரும்பி வந்த வண்டியில் அதே மெல்லிசு, அதே தடுப்பு. வந்தது தெரியாமல் வந்து, போனது தெரியாமல் போனது.

எனக்கு ரத்தம் கொதித்தது. தண்ணீரில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன். "அந்தப் பாய் திரும்பவும் ஏமாத்திட்டான்மா! மாமாவுக்குக் காது மந்தம். என்னைக் கூட்டினு போயிருந்தா இப்படி ஆயிருக்குமா?"

அம்மா நிமிர்ந்தாள். வாயிலிருந்து பறியை எடுத்தாள். அவள் இறால் தடவும்போது அப்படி எடுத்து நான் பார்த்ததில்லை.

"பாயை ஒண்ணும் சொல்லாத. உன் மாமனுக்குக் காது உன்னைவிட நல்லா கேக்கும்டா."

சொல்லிவிட்டுப் பறியை மறுபடி கடித்துக்கொண்டு சேற்றுக்குள் கையை விட்டாள்.

ஊருக்கே தெரியும், பாம்புக் காது எனக்குத்தான் என்று. பெற்ற மகனை விட்டுக்கொடுத்துத் தம்பியைத் தூக்கி வைத்துப் பேசுகிறாளே என்ற ஆத்திரத்தில், நான் அம்மாவோடு பல நாள் பேசவே இல்லை.