ஈசான மூலையில் ஒரு முழச் சீமெந்து

இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆனி மாதக் கடைசிப் புதன்கிழமையை நினைத்தால் எனக்குக் கோபம் ஆறுவதில்லை. நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன் நான். அந்த வாரத்துப் பக்கங்களில் பேனா தாளைக் கிழித்த இடங்கள்கூட இருக்கின்றன.

ஐரோப்பியச் சண்டை முடிந்து, சீமெந்துப் பீப்பாய்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு மாட்டுவண்டிதான். கடைவீதியில் முன்புறம் எங்கள் ஜவுளிக்கடை, பின்புறம் வீடு. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. அடுப்படி உட்பட எல்லாம் சாணி மெழுகிய மண் தரை. ஐப்பசி மழை பிடித்தால் மேட்டுத் தண்ணீர் தரைக்கு அடியில் ஊறி வரும். விரித்த பாயைக் காலையில் பிழியலாம்.

என் மனைவிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரண்டு மழைக்காலமாக அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கிக்கொண்டன. இரண்டாவது மழையில் அவளைக் கொல்லைக்குக்கூட நான்தான் தாங்கிக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஒளிக்காமல் சொன்னார்: "மருந்து நான் தரலாம், தரையை நான் தர முடியாது. அடுத்த மழைக்கு முன்னால் காய்ந்த தரை போடுங்கள். இல்லாவிட்டால் இந்த முழங்கால்கள் மடங்கியபடியே நின்றுவிடும்." ஆகவே எனக்கு இருந்த கெடு ஐப்பசி.

இரண்டு பேரைப் பார்த்தேன். முதல் ஆள் எங்கள் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் துணி வாங்க வருகிறவர். நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றில், ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் மேசன் வேலை. வேட்டியெல்லாம் சுண்ணாம்புக் கறை. வீட்டுக்குள் வரச் சொன்னேன். வராமல் நேரே கொல்லைப்பக்கம் போய் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தண்ணி எங்கங்க போகுது?" என்றார்.

"தரையைப் பற்றிப் பேசலாம்" என்றேன் நான்.

"தரையப் பத்தித்தாங்க பேசுறேன். மொதல்ல இங்க தண்ணி ஓடக் கான் வெட்டணும். அப்பறம் உள்ள ஒரு முழம் தோண்டி, கல்லும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசு வச்சு இடிக்கணும். அதுக்கு மேலதான் சீமெந்து. ஸ்டோருல தேயில உருட்டுற மிசினு நிக்கிற தளம் நான் போட்டதுங்க. பத்து வருசமா வெடிப்பில்ல."

"எப்போது தொடங்கலாம்?"

"ஸ்டோர் வேல முடிஞ்சு, தொர லீவு குடுக்கணும். ஆவணி பொறந்து வாறேங்க."

இரண்டாம் ஆள் கட்டட வேலைகளைக் குத்தகைக்கு எடுக்கிற கொந்தராத்துக்காரர். அல்பாக்கா கோட்டு, குடை, காதில் கடுக்கன். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். மேட்டைப் பார்க்கவில்லை, பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"முதலாளி, ஆனி கடைசி புதன் நல்ல நாள். ஒன்பதுக்கு மேல பத்தரைக்குள்ள. அத விட்டா ஆடி வந்துடும். ஆடியில யாரு வீட்டு வேல தொடங்குவா? நீங்க படிச்சவரு, உங்களுக்கா சொல்லணும்? சேப்புத் தரை போட்டு மெழுகு தேச்சு விட்டா மொகம் தெரியும் முதலாளி. அம்மா கண்ணாடியே பாக்க வேண்டாம்."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "எனக்கு மொகம் பாக்க வேண்டாம், காலு நனையாம இருந்தாப் போதும்னு சொல்லுங்க" என்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றைக்கே அவள் சொன்னாள்: "ஏங்க, தண்ணி எங்க போகுதுன்னு கேட்டது அந்தத் தோட்டத்து ஆளு ஒருத்தர்தான். அவரையே வரச் சொல்லுங்க."

நான் கேட்கவில்லை. கட்டடக் கலையைப் பற்றி இரண்டு புத்தகம் வாசித்திருந்தேன். அடித்தளமும் வடிகாலும் அவற்றில் இருக்கத்தான் இருந்தன. இருந்தும் நல்ல நாள் தவறக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கடைவீதியில் இருக்கிறவன் வீட்டில் தோட்டத்து ஆள் வந்து தரை போட்டான் என்று நாலு பேர் சொல்வார்களே என்ற கூச்சமும் எனக்கு இருந்தது. கோட்டுப் போட்டவரிடம் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை ஒன்பதே காலுக்கு வந்தார். கூட இரண்டு பேர். அடுப்படியின் ஈசான மூலையில் ஒரு முழச் சதுரத்துக்குச் சாணித் தரையைச் சுரண்டினார்கள். மஞ்சள் பூசிய செங்கல் ஒன்றைப் பதித்து, அதன்மேல் கலவையைத் தேய்த்து, பூ வைத்து, கற்பூரம் காட்டினார்கள். நானும் என் மனைவியும் விழுந்து கும்பிட்டோம். தட்டிலிருந்த வேட்டியையும் முன்பணத்தையும் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கிளம்பிவிட்டார். அவருடைய ஆட்கள் மறுநாள் வந்து அடுப்படியின் மிச்சத் தரையை முழுவதும் கொத்திக் கிளறிவிட்டுப் போனார்கள். அதோடு சரி.

நாலு நாள் பொறுத்துத் தேடிப்போனேன். "ஆடி பொறந்துருச்சே முதலாளி, ஆடியில எப்படி?" என்றார். தொடங்கித்தான் ஆயிற்றே, தொடர்வதற்கு என்ன தடை என்றேன். கலவைக்கு நல்ல மணல் ஹாலிஎலையிலிருந்து வரவேண்டும் என்றார். அடுத்த தடவை வண்டிக்காரனுக்குக் காய்ச்சல் என்றார். அதற்கடுத்த தடவை அவர் வீட்டிலேயே இல்லை. என் மனைவி கிளறிப்போட்ட மண்ணில் பலகை போட்டு, அதன்மேல் நின்று சமைத்தாள்.

ஒரு நாள் எதிரிலிருந்த காப்பிக் கடைக்காரரிடம் வாய்விட்டுப் புலம்பினேன். அவர் டம்ளரை அப்படியே வைத்தார்.

"அண்ணே, உங்க வீட்லயுமா? புதன்கிழம ஒன்பதே முக்காலுக்கு என் கூடத்துல கல்லு வச்சாரு! உங்க வீட்லேருந்துதான் ஓடி வந்தாரா? மூச்சு வாங்குச்சு மனுசனுக்கு. நான் பக்தின்னு நெனச்சேன்."

இருவருமாக விசாரித்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த ஆள் ஐந்து வீட்டில் கல் வைத்திருக்கிறார். ஐந்து வீட்டிலும் கற்பூரம், ஐந்து வீட்டிலும் வேட்டி!

வேறு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். பதுளையில் மூன்று மேசன்மாரைக் கூப்பிட்டேன். மூவரும் அடுப்படி வாசல்வரை வந்து, மூலையிலிருந்த சதுரத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருவன் பூசை போட்டுப் பூச்சுக் கரண்டி வைத்த இடத்தில் இன்னொருவன் கரண்டி வைக்க மாட்டான். வைத்தால் கை விளங்காது. அது அவர்கள் தொழிலில் பழைய கட்டு. ஒருவன் வயிற்றில் இன்னொருவன் அடிக்கக் கூடாது என்பதற்காக உண்டான நல்ல கட்டுத்தான் அது. அதை இந்த ஆள் ஐந்து வீட்டு வாசலுக்குப் பூட்டாக மாட்டிவிட்டு, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றுகிறவனைக் கண்டிருக்கிறேன். நம்முடைய நல்ல நாள், நம்முடைய கற்பூரம், நாமே விழுந்து கும்பிட்ட கும்பிடு, இவற்றைக் கொண்டே நம்மைக் கட்டிப்போட்டவனை அன்றுதான் கண்டேன்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மேசன் கடைக்கு வந்தார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"லீவு கெடச்சிருக்குங்க. ஆனா அந்தக் கல்லு இருக்கிற வரைக்கும் நான் தொட முடியாதுங்க. மன்னிச்சுக்குங்க."

"கல்லு இல்லாட்டி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரங்களே எடுத்துட்டா அது வெறும் மண்ணுதானுங்களே அம்மா. ஆனா பூச போட்ட கல்ல யாருங்க எடுப்பா?"

என் மனைவி சுவரைப் பிடித்து நடந்து அந்த மூலைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடி, பாவம் வேண்டாம், நாள் பார்த்துச் செய்வோம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"நாள் பாத்துத்தானே இது வந்துச்சு?" என்றாள். "பூச போட்டது நம்ம வீட்டுக்கா, அந்த ஆளோட பொழப்புக்கா?"

கற்பூரம் ஒன்றைக் கொளுத்தி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது அணைந்ததும் அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டாள். முதல் போட்டில் விரிசல். இரண்டாவதில் சதுரம் முழுவதும் புட்டு மாதிரி உதிர்ந்தது. ஒரு கைப்பிடி எடுத்து விரலால் நெருடிப் பார்த்தேன், மணலும் செம்மண்ணும்தான். சீமெந்து பெயருக்குத்தான் இருந்தது. மஞ்சள் பூசிய செங்கலைக் குப்பையில் போட மனமில்லாமல் நானே கூடையில் சுமந்து போய்ப் பதுளு ஓயா ஆற்றில் விட்டேன்.

மேசன் வாசலிலேயே நின்றிருந்தார். "அம்மாவே ஒடச்சிட்டீங்களா?"

"நான்தான். தோசம் வந்தா என் முட்டிக்கு வரட்டும். ஏற்கெனவே அங்க எடமில்ல."

அவர் சிரித்துவிட்டு மண்வெட்டியைக் கேட்டார். முதல் ஏழு நாள் வீட்டுக்குள் கால் வைக்கவேயில்லை. கொல்லையில் கான் வெட்டி, ஓரத்துக்குக் கல் அடுக்கினார். பிறகு அடுப்படி. திமிசு இடித்த இடியில் கடையில் அடுக்கியிருந்த சீட்டித்துணிக் கட்டுகள் சரிந்தன. நிறம் கிடையாது, மெழுகு கிடையாது. சாம்பல் நிறத் தரை. அடுப்படி முடியும்போது அவருடைய லீவும் முடிந்தது. மற்ற அறைகளுக்கு வருகிற வருஷம் என்று பேசிக்கொண்டோம்.

புரட்டாசியில் கொந்தராத்துக்காரர் குடையோடு வந்தார். தன் தரையை யார் உடைத்தது, கைவைத்த தொழிலாளிக்கு நியாயம் வேண்டும் என்று கடை வாசலில் நின்று கூச்சல். நான்கு பேர் கூடிவிட்டார்கள். நான் கல்லாவை விட்டு எழுந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்து நின்றாள்.

"உங்க தரை ஓயாவுல கெடக்குங்க. பொறுக்கிட்டுப் போங்க. வேட்டிய மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க, நல்ல வேட்டி."

கூட்டம் சிரித்தது. அவர் போனார். வேட்டி வரவில்லை. அந்த வீட்டில் பூசைக்கல்லை உடைத்தவர்கள் விளங்க மாட்டார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொன்னதுதான் எங்கள் காதுக்கு வந்தது. மற்ற நான்கு வீட்டில் யாருக்கும் கல்லில் கைவைக்கத் துணிவில்லை. அவர்கள் அந்த மழையைக் கிளறிய மண்ணோடு கழித்தார்கள். அவரோ அடுத்த தையில் புதிய வீடுகளில் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். இதை எப்படி மன்னிப்பது? நான் மன்னிக்கவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் விடியற்காலை என் முதுகு நனைந்து விழித்தேன். அடுப்படியில் படுக்க எங்களுக்குத் தோன்றவில்லை; கூடத்து மண் தரை எப்போதும்போல் ஊறியிருந்தது. பக்கத்தில் அவளைக் காணோம். பதறி எழுந்து போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே கானில் தண்ணீர் சத்தமிட்டு ஓடியது. சாம்பல் நிறத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரும் தாங்காமல் தானாக எழுந்து வந்திருக்கிறாள்.

என் சட்டையைப் பார்த்தாள். "அந்த ஈரத்துல ஏன் கெடக்குறீங்க? பாயத் தூக்கிட்டு இங்க வாங்க" என்று, உரித்த வெங்காயத் தோலை ஒதுக்கி எனக்கு இடம் விட்டாள்.