ஜூலை மூன்றில் குடியிருந்தவர்கள்

நான் வேலை பார்க்கும் கடையின் பெயர்ப்பலகையில் இன்னமும் கொமினிகேஷன் என்றுதான் இருக்கிறது. போன் எடுக்க ஒருவர் வந்து பல வருஷமாகிவிட்டது. இப்போது போட்டோ கொப்பி, டைப்பிங், பிரிண்ட், அடையாள அட்டைக்குப் படம், மழை தொடங்கினால் குடையும் விற்போம். கடை முதலாளியை டவுனில் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். களவாக ஏற்றி வைத்திருந்த ஆபீஸ் மென்பொருள் ஒரு வைரஸோடு சேர்ந்து போய்த் தொலைந்த பிறகு, நானா யாரையோ பிடித்து இலவச மென்பொருளை ஏற்றினார். அன்றிலிருந்து அதன் மேல் அவருக்குத் தனிப் பாசம். நான் ஏதாவது முணுமுணுத்தால், "காசு வாங்காம வேல செய்ற சாமான கொற சொல்லக் கூடாது தங்கச்சி" என்பார். என் சம்பளத்தைப் பற்றியும் அவருக்கு ஏறக்குறைய இதே கருத்துதான்.

அதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வெளியே டைப் செய்து பென் டிரைவில் கொண்டுவரும் பைலைத் திறந்தால், தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் கமாவுமாகக் கொட்டிக் கிடக்கும். அந்தப் பழைய எழுத்துரு எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம், அதை ஏற்றினால் சரி. ஒரு பக்கத்தில் அடங்கிய சுயவிபரக் கோவை இரண்டு பக்கமாகி, கையெழுத்துப் போடும் கோடு மட்டும் அடுத்த தாளில் அநாதையாக நிற்கும். தாளின் அளவு அமெரிக்கக் கணக்கில் கிடக்கும், அதை ஏ4 என்று மாற்ற வேண்டும். கரண்ட் போய் வந்தால், போன பைலை மீட்கவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். ஆம் என்று அமத்தினால் போதும், பதறிப்போய் வேண்டாம் என்று அமத்துகிறவர்கள்தான் அதிகம். கைவைத்தியம் இவ்வளவுதான். படிப்பில்லாமல் நானே தட்டுத் தடுமாறிப் பழகிக்கொண்டது.

ஆனால் எது கெட்டாலும் பழி இலவசத்தின் தலையில்தான் விழும். பிரிண்டரில் தாள் சிக்கினால், "காசு குடுத்து வாங்குனா இப்பிடி ஆகுமா?" என்பார்கள். அடையாள அட்டைப் படத்தில் தான் கிழவனாகத் தெரிவதற்கும் ஒருவர் இதையே காரணமாகச் சொன்னார். நான் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். நானா என்னை உள்ளே கூப்பிட்டு, வாடிக்கையாளரிடம் வாய் காட்டக் கூடாது என்று புத்தி சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒரு கட்டுத் தாளோடு கடைக்கு வந்தார். அவர் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் கடிதங்களின் கதையைச் சொல்ல வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. பெயரும் தோட்டமும்தான் கடித உறையில் இருக்கும். எல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே மேசை லாச்சியில் ஊறி, யாருக்காவது ஞாபகம் வந்த காலையில் பெரட்டுக்கு வரும். கொழுந்தெடுக்கப் போகும் முன்பு ஆட்கள் கூடும் அந்த இடத்தில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவார். ஆள் இருந்தால் கடிதம் கிடைக்கும். இல்லையென்றால் திரும்ப லாச்சிக்குப் போகும்.

கீழ் டிவிசனில் ஏழாம் லயத்து மூன்றாம் அறையில், நாங்கள் சொல்லும் காம்பராவில், ஒரு அக்கா இருக்கிறார். புருஷன் இல்லை, கொழுந்தெடுத்தே மகளை உயர்தரம் வரை படிக்க வைத்தவர். மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரியிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. கடிதம் பெரட்டுக்கு வந்து சேர்ந்தபோது பரீட்சை முடிந்து நாலு நாள். அந்தப் பெண் அழுது ஓய்ந்து கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். மறு வருஷம் மறுபடி விண்ணப்பம் போட்டாள். அதற்குப் பிறகு வயசு தாண்டிவிடும், இன்னொரு தரம் கிடையாது. அக்கா தலைவரிடம் போய் நின்று, தலைவர் யார் யாரிடமோ போய் நின்று, கடைசியில் தபால்காரர் வீட்டுக்கு வீடு வருவதற்குச் சம்மதம் கிடைத்தது. எந்தப் பெயர் எந்த வீட்டில் என்று பட்டியல் மட்டும் வேண்டுமாம். தலைவர் கொண்டுவந்த கட்டு அதுதான்.

"நல்லா நீட்டா அடிச்சுக் குடு புள்ள. லயம் நம்பர், ஒரு கோடு, காம்பரா நம்பர். அதான் நம்ம விலாசம்" என்றார். அவர் முகத்தில் பெருமை வழிந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அட்டவணைப் பக்கத்தைத் திறந்து ஏழு, கோடு, மூன்று என்று அடித்தேன். மென்பொருள் ஒரு கணம் யோசித்து, அதை ஜூலை மூன்று என்று மாற்றியது. கோடு போட்ட இரண்டு நம்பரைப் பார்த்தால் தேதி என்று எடுத்துக்கொள்ளும் புத்தி அதற்கு. அதுவும் அமெரிக்கக் கணக்கில், மாதம் முன்னால். எங்கள் தோட்டத்தில் ஒன்றாம் லயம் முதல் பன்னிரண்டாம் லயம் வரை கீழ் டிவிசன். பதின்மூன்றுக்கு மேலே உள்ளவை மேல் டிவிசன். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் மேல் டிவிசனை அது தொடவில்லை. கீழ் டிவிசன் முழுக்க ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை வரிசையாகக் குடியிருந்தது. நானும் ஒரு தரம் சிரித்துவிட்டு வைத்தியம் பார்த்தேன். அடித்த பிறகு மாற்றப் போனால் தேதி போய் ஐந்து இலக்கத்தில் ஏதோ ஒரு நம்பர் வந்து நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் அழித்து, அந்தப் பத்தியை முதலிலேயே வெறும் எழுத்து என்று குறித்துவிட்டு, திரும்ப அடித்தேன். ஏழு கோடு மூன்று, ஏழு கோடு மூன்றாகவே இருந்தது.

தலைவர் பிரிண்டையும் பைலையும் கொண்டு போனார். பட்டியலைச் சரிபார்த்துத் தபாலுக்கு அனுப்ப வேண்டிய அரசாங்க ஆபீசில் பிரிண்டைத் தொட்டும் பார்க்கவில்லையாம். அவர்களுடைய பட்டியலோடு சேர்க்க, அலங்காரமில்லாமல் கமா போட்டுப் பிரித்த பைல் ஒன்று வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். அந்த மாதிரிப் பைலில் எழுத்து என்று நான் குறித்து வைத்த குறிப்பெல்லாம் உதிர்ந்துவிடும். திறக்கிறவர் கவனமாகத் திறக்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியும் அனுப்பினேன். அங்கே இருந்தது காசு கொடுத்து வாங்கிய, அசல் லைசன்ஸ் உள்ள மென்பொருள். அதற்கும் அதே அமெரிக்கப் புத்திதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் மேல் டிவிசனுக்குத் தபால் வந்தது. தபால்காரர் எங்கள் லயத்து வாசலில் நின்று பெயர் கேட்டதை, ஏதோ கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பது போல் எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்தோம். நான் குடியிருப்பது பதினான்காம் லயம். கீழ் டிவிசனுக்கு ஒன்றும் வரவில்லை. வழக்கமாகப் பெரட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

அதற்காக யாரும் சண்டை பிடிக்கவில்லை. தண்ணீர்ப் பைப்பில் என்னைக் கண்டால், "அடிச்சவுங்க லயத்துக்கு மட்டும் தபால் வருதாமே" என்று ஒரு கிண்டல். "மேல் டிவிசன்காரவுங்களுக்குத்தான் எப்பவும் மொதல்ல" என்று இன்னொன்று. எனக்கு எரிச்சல் மூக்கு நுனி வரை வந்தது. கடைக்குப் போய் என் பைலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. தலைவரிடம் கேட்டேன். "எல்லாம் அந்த ஓசிச் சாமானால வந்த வென" என்றார். காசு கொடுத்தவன் தப்புச் செய்யமாட்டான் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தபால் கந்தோரில் போய்க் கேட்கலாமே என்றேன். கேட்கலாம், பார்ப்போம் என்றார். கீழ் டிவிசனில் கேட்டால், "நமக்கு யாரு காயிதம் போடப் போறா?" என்று அதோடு முடித்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அந்த அக்கா வேலைக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தார். கையில் போன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தங்கச்சி, மகளோட படிச்ச டயகமப் பக்கத்துப் புள்ளைக்கு இன்டர்வியூ காயிதம் வந்து ரெண்டு கெழமையாச்சாம். வார வியாழக்கெழமையாம். எங்களுக்கு வரல்ல. காயிதம் இல்லாமப் போனா உள்ள விடமாட்டாங்களாம்."

நானாவிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அக்காவை இழுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த இளம் உத்தியோகத்தர். சட்டைப் பையில் இரண்டு பேனா, மேசை துடைத்து வைத்தது போல் சுத்தம். தமிழ் தெரியாது. நான் சிங்களத்தில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். "இருக்கிறதே" என்று உடனே எழுந்தார். அவருக்குப் பின்னால் மரத்தட்டில் பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் தாள் வெட்டி மாதத்தின் பெயர் ஒட்டியிருந்தது. ஏழாவது அறையில் கைவிட்டு ஒரு நீளக் கடித உறையை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை.

"இன்னும் நாள் வரவில்லையே, நங்கி. இவர்களுக்கு ஜூலை மூன்றுதானே?" என்றார், சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து.

அரசாங்க ஆபீசிலிருந்து வந்த பட்டியலை என் முன்னால் விரித்தார். மேல் டிவிசனுக்கு நேரே லயமும் காம்பராவும். கீழ் டிவிசனுக்கு நேரே வரிசையாகத் தேதிகள். தமிழில் இருந்த விலாசம் என்ற தலைப்பை அவரால் வாசிக்க முடியவில்லை, ஆங்கிலத்தில் இருந்த பெயர்களையும் தேதிகளையும் வாசிக்க முடிந்தது. மேலே உள்ளவர்களுக்கு வீட்டில் கொடுக்க வேண்டும், கீழே உள்ளவர்கள் அவரவர் நாளில் வந்து எடுப்பார்கள் என்று விளங்கிக்கொண்டு, ஒரு கடிதம் தவறாமல் பிரித்து அடுக்கியிருந்தார். ஒன்றாம் லயத்தின் கடிதங்கள் வரப்போகும் ஜனவரிக்காகத் தூசி படாமல் காத்திருந்தன.

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு ஆளுக்கு வருஷத்தில் ஒரு நாள் கடிதம் கொடுப்பார்களா, இது உங்களுக்கு விசித்திரமாகத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார். "தோட்டத்து ஆட்களுக்கு எல்லாமே நாள் வைத்துத்தானே கொடுக்கிறார்கள், நங்கி? சம்பளத்துக்கு ஒரு நாள், தேயிலைத் தூளுக்கு ஒரு நாள், டாக்டர் வர ஒரு நாள். கடிதத்துக்கும் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இத்தனை நாளில் ஒருவரும் வந்து கேட்கவும் இல்லையே."

கம்ப்யூட்டர் செய்த கோளாறை மெதுவாக விளக்கினேன். அவர் முகம் சுருங்கிப் போனது. உடனே கடிதத்தை அக்காவின் கையில் கொடுத்தார். பன்னிரண்டு அறைகளையும் காலி செய்து, அன்று பின்னேரமே கீழ் டிவிசனுக்குத் தபால்காரரை அனுப்புவதாகச் சொன்னார், சொன்னபடி அனுப்பவும் செய்தார். மகள் கொழும்பிலிருந்து வந்து வியாழக்கிழமை நேர்முகத்துக்குப் போனாள், இடமும் கிடைத்தது. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று கவுண்டரில் அக்கா கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "என்ன தங்கச்சி சொல்றாரு, ஏன் வச்சிருந்தாராம்?" என்று கேட்டார். அவருக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும்.

"ஜூலை மூணாந்தேதிதான் ஒங்களுக்குக் காயிதம் குடுக்குற நாள்ன்னு நெனைச்சிட்டாராம்க்கா" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கூடச் சேர்ந்து திட்ட நானும் தயாராக இருந்தேன்.

அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என் கையைத் தொட்டு, அந்த மனிதருக்குக் கேட்டுவிடக் கூடாதென்பது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்ப ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க தங்கச்சி. எங்க லயத்துக்கு அந்த ஜூலைய மாத்தி, கொஞ்சம் முன்னுக்கு ஒரு நாள் போட ஏலுமான்னு. புள்ளைங்க இன்டர்வியூவுக்கு முந்திக் கெடைச்சா ஒதவும். வருசத்துல ஒரு நாள் போதும்."

"அம்மா என்ன கேட்கிறார்?" என்றார் உத்தியோகத்தர், உதவி செய்யும் ஆவலோடு. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.